மாவு மில்காரரின் இடது காது

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மெஸ்ஸில் ஒரு மத்தியானம் முட்டைக் குழம்பு கெட்டுப்போயிருந்தது. வாயில் வைத்ததுமே தெரிந்தது. நான் இலையை மூடிவிட்டேன். என்னோடு சாப்பிட வந்த மாவு மில்காரர் மூடவில்லை. மெஸ் நடத்துகிற அம்மா குழம்பு வாளியும் கரண்டியுமாக வந்து நின்று, "குழம்பு எப்படிண்ணே இருக்கு? இன்னைக்கு நானே வச்சது" என்று கேட்டார். மில்காரர் வாயிலிருந்ததைச் சிரமப்பட்டு விழுங்கினார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "நல்லாருக்கு தாயி. காரம் புளிப்பெல்லாம் சரியா நிக்குது" என்றார். அந்த அம்மா முகம் மலர்ந்து இன்னொரு முட்டையை அவர் இலையில் வைத்தார். அதையும் தின்றார். அதே வாளி அடுத்து எதிர்வரிசைக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த லோடுமேன்களில் இருவர் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் குத்தவைத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த தடவை அவரைப் பார்த்தபோது கேட்டேன். "ஏண்ணே, கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு தம்பி. எனக்கும் வயித்தால போச்சு."

"பெறகு எதுக்கு நல்லாருக்குன்னீங்க?"

"பாவம், ஆசையா வந்து கேக்குது. மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?"

"எதிர வரிசையில தின்னவனுக்கெல்லாம் மூஞ்சி இல்லையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நீ சொல்றதும் சரிதான்" என்று என் தோளைத் தொட்டார்.

அந்தத் தொடுகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தோளில் எதையோ துடைத்துப்போட வேண்டும் போல இருக்கிறது.

நான் பல ஊர் பார்த்தவன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு, போர்வெல் லாரியில் ஏறி, ஆந்திரா, கர்நாடகா என்று போகாத காடு இல்லை. திருடனோடு ஒரே தார்ப்பாயில் படுத்திருக்கிறேன். பெண்டாட்டியை வெட்டிவிட்டு வந்தவன் பொங்கிய சோற்றைத் தின்றிருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குப் பயம் இருந்தது, சில நேரம் பரிதாபம் கூட இருந்தது. குமட்டல் வந்தது இந்த நல்ல மனுஷன் ஒருவர்மேல்தான்.

நல்ல மனுஷன் என்று நான் கேலியாகச் சொல்லவில்லை. சிம்மக்கல்லில் அவர் மில் இருந்த சந்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வெள்ளை வேட்டி, மாவு படிந்த புருவம், யார் வந்தாலும் பாதி எழுந்து நிற்கிற உடம்பு. பேசும்போது எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள் என்று உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், அவர் சிரித்துவிடுவார். நீங்கள் முகத்தைச் சுளித்தால் அவர் சுளிப்பார்.

எங்கள் பழக்கம் ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆரம்பித்தது. இரண்டு பேருக்கும் காதில் இரைச்சல். எனக்குக் கம்ப்ரஸர் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்றதில் வலது காதில் ஒரு விசில் குடியேறிவிட்டது. அவருக்கு மில் மோட்டாரால் வந்தது. இரண்டு காதிலும் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். அப்போது நான் வெளியூர் வேலையை விட்டு வந்து சிம்மக்கல் மொத்தக்கடைகளில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். காதுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில், இரைச்சலுக்குப் புதிதாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டார்கள். சேர்ந்தேன். அவரும் சேர்ந்தார். நான் சேர்ந்தது விசில் போகட்டும் என்று. அவர் சேர்ந்தது, கேட்ட நர்ஸம்மா நல்லபடியாகக் கேட்டதால்.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா சின்ன வயது. எல்லாரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். இரைச்சல் காதில் இல்லையாம். கேட்காமல் போன சத்தத்தைத் தேடி மூளை தானே உண்டாக்கிக்கொள்கிற சத்தமாம். மூளையிலிருந்து இறங்குகிற ஒரு நரம்பின் சின்னக் கிளை காது மடலுக்குள் வந்து முடிகிறது. அந்த இடத்தில் கிளிப் மாட்டி, லேசான மின்சாரத்தால் நரம்பைச் சுரண்டிவிட்டு, அதே நேரத்தில் ஹெட்போனில் விதவிதமான ஒலிகளைக் கேட்கவைத்தால், அந்தப் பொய்ச் சத்தத்தை விட்டுவிட மூளை பழகிக்கொள்ளுமா என்று பார்க்கிறார்கள். இரைச்சல் எந்தக் காதில் இருந்தாலும் கிளிப் இடது காதில்தான். வலதுபக்க நரம்புக்கு இதயத்தோடு தொடர்பு அதிகம், அதனால் தொடுவதில்லை என்றார்.

"இது மருந்து இல்லை. பலிக்குமான்னு எங்களுக்கே தெரியாது" என்று டாக்டரம்மா அழுத்திச் சொன்னார். "சில பேர் பெட்டியில கரண்ட் வரும். சில பேர் பெட்டியில முதல்ல ஒரு சுருக்கு காட்டிட்டு நின்னுடும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க உள்ளதை உள்ளபடி சொன்னாத்தான் இது எதுக்காவது ஆகும். குறையலைன்னா குறையலைன்னு சொல்லுங்க. அதுவும் எங்களுக்கு வேணும்."

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். "எம்புட்டு அழகாச் சொல்லுது பாரு அந்தப் புள்ள" என்று என் காதருகே சொன்னார். என்ன சொன்னது என்பது அவருக்குள் இறங்கவே இல்லை. அழகாகச் சொன்னது மட்டும் இறங்கிவிட்டது.

பிறகு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு மின்சாரம் வைப்பது என்று பார்த்தார்கள். டாக்டரம்மா ஒரு திருகியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போவார். சுருக்கென்று ஆரம்பிக்கும்போது சொல்ல வேண்டும். கூசி, பொறுக்க முடியாமல் ஆகும்போது போதும் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் கீழே வைத்துவிடுவார்கள். நான் கொஞ்சத்திலேயே "போதும்" என்று கத்திவிட்டேன். அவர் முறை வந்தது. கதவு திறந்திருந்ததால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா திருப்பினார். "தெரியுதாய்யா?" "தெரியுது தாயி." இன்னும் திருப்பினார். "வலிக்குதா?" "இல்ல தாயி." இன்னும் திருப்பினார். அவருடைய கால் கட்டைவிரல் மடங்கியது. கை நாற்காலியைப் பிடித்தது. முகம் மட்டும் சிரித்தபடியே டாக்டரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குமேல் போகக்கூடாது என்று டாக்டரம்மாவே சந்தேகப்பட்டு நிறுத்தினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "வலிச்சுதா இல்லையாண்ணே?"

"கண்ணு இருட்டிருச்சு தம்பி."

"போதும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க ஒரு வேலையைச் செஞ்சுக்கிட்டு இருக்கையில நடுவுல எப்படி நிறுத்தச் சொல்றது? மரியாதையா இருக்குமா?"

கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, ஒரு வயர், ஒரு கிளிப், ஒரு ஹெட்போன் கொடுத்து அனுப்பினார்கள். தினமும் வீட்டில் அரைமணி நேரம் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப்பில் இருக்கிற பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் போட வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கு முதலில் ஒரு சுருக்கு, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. செத்த பல்லியைக் காதில் தொங்கவிட்டுக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருப்பேன். என் பெட்டி ஓடாத பெட்டி என்று எனக்கு முதல் வாரமே சந்தேகம். போகட்டும், யாராவது ஒருவனுக்கு அது கிடைத்துத்தானே ஆக வேண்டும்.

அவரை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அவர் சம்சாரம் சொன்ன ஒரு கதையில்தான். மூட்டை இறக்கிவிட்டு மில் வழியாகப் போகும்போது அந்தம்மாதான் எனக்கு டீ கொடுக்கும். ஒல்லியான உடம்பு, நறுக்கென்ற வாய்.

"ஊருக்கெல்லாம் நல்லவருன்னு சொல்றீங்களே, இந்த மனுசன் செஞ்ச ஒண்ணைச் சொல்றேன் கேளுங்க தம்பி" என்று ஆரம்பித்தது. மில்லில் இரண்டு மிஷின். மிளகாய்க்கு ஒன்று, மாவுக்கு ஒன்று. மிளகாய் மிஷின் ரிப்பேரில் கிடந்த நாளில் ஹோட்டல்காரர் ஒருவர் மிளகாயோடு வந்து அவசரம் என்று நின்றிருக்கிறார். இவர் மாவு மிஷினிலேயே அரைத்துக் கொடுத்துவிட்டார். அது போன கையோடு பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கேழ்வரகு கொண்டுவந்திருக்கிறாள். அவளும் அவசரம் என்றாள். மிஷினைத் துடைத்து, ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிக் கழித்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும். கொஞ்சம் நில்லும்மா என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அப்படியே அரைத்துக் கொடுத்துவிட்டார்.

"புள்ள வாயெல்லாம் வெந்து போச்சு தம்பி. ரெண்டு நாளா பால் குடிக்கலை. அவ வந்து காறித் துப்புனா. இவரு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு. 'தப்புத்தான் தாயி, தப்புத்தான் தாயி.' அம்புட்டுத்தான், அவளுக்கே மனசு இளகிப்போச்சு. 'விடுங்கண்ணே, வேணும்னேவா செஞ்சீங்க'ன்னுட்டுப் போறா! புள்ளைக்கு வெந்தது வெந்ததுதானே? இந்த மனுசனோட குடும்பம் நடத்துறது ஈரப்போர்வையைப் போத்திக்கிட்டுப் படுக்கிற மாதிரி தம்பி. மேல கெடக்கு, குளிரு போக மாட்டேங்குது."

அவர் மோட்டார் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். "அவ சொல்றதும் சரிதான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய நல்ல குணத்துக்கான கூலியை எப்போதும் அந்த இடத்தில் இல்லாத ஒருவர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் நிற்கிறவர் சந்தோஷமாகப் போவார். வாந்தி எடுப்பதும் வாய் வெந்துபோவதும் அவர் கண்ணுக்குத் தெரியாத யாரோ.

மாதாமாதம் ஆஸ்பத்திரியில் ஒரு கோடு போட்ட அட்டையைக் காட்டி, இரைச்சல் எந்த அளவில் இருக்கிறது, விரலை வையுங்கள் என்பார்கள். ஒரு முனை சத்தமே இல்லை, மறுமுனை பொறுக்க முடியாது. நான் போன மாதம் வைத்த இடத்திலேயே விரலை வைப்பேன். அவர் விரல் மட்டும் மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா அட்டையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார். "சும்மா எனக்காகச் சொல்லலையேய்யா?" "சத்தியமா தாயி. வண்டு தூரப் போயிருச்சு." டாக்டரம்மா முகத்தில் அடக்க முடியாமல் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்துவிட்டு இவர் அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் இறக்குவார்.

பெஞ்சில் எங்களோடு எழுமலைக்காரர் ஒருவர் உட்கார ஆரம்பித்தார். விவசாயி. டிராக்டர் ஓட்டி ஓட்டிக் காது மந்தம், அதோடு இரைச்சலும். பேசுவது சரியாகக் கேட்காது, நாம் சத்தமாகப் பேச வேண்டும். காது மிஷின் போட்டுக்கொண்டால் கேட்கவும் செய்யும், இரைச்சலும் அமுங்கும் என்று டாக்டர்கள் சொல்லி, ஒன்றை மாட்டியும் விட்டிருந்தார்கள். அவருக்கு அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்க வெட்கம். "செவிட்டுப் பயங்கறானுக மாப்ள" என்றார் என்னிடம். ஆராய்ச்சியில் அடுத்த ஆட்களை எடுக்கும்போது தன்னையும் சேர்ப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அவர் மில்காரரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நெசமாவே குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்காவா? போயே போச்சுய்யா."

"அப்ப இந்தக் காது மிஷின் வேண்டியதில்லைங்கிறீங்க?"

எழுமலைக்காரர் முகம் அந்தப் பதிலுக்காக எப்படி ஏங்கியது என்று நானே பார்த்தேன். அப்படி ஒரு முகத்தைப் பார்த்தபிறகு மில்காரர் வேறு என்ன சொல்வார்? "என்னத்துக்கு அது? கழட்டி வைங்க" என்றார். எழுமலைக்காரர் அங்கேயே கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தார். அன்று அவர் ரோட்டைக் கடக்கும்போது பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அவர் திரும்பக்கூட இல்லை. நான் ஓடிப்போய் கையைப் பிடித்து இழுத்தேன்.

வைகாசி வெக்கையில் ஒருநாள் மில்லுக்குப் போனேன். எனக்கு அன்று எல்லாவற்றின் மேலும் எரிச்சல். விசில் காலையிலிருந்து மண்டையைத் துளைத்துக்கொண்டிருந்தது. மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மோட்டார் இரைந்து இரைந்து அடங்கியது. பெல்ட் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த அமைதி இருக்கிறதே, எங்களைப் போன்ற ஆட்களுக்கு அதுதான் எமன். வெளிச்சத்தம் நின்றதும் உள்சத்தம் எழுந்துவிடும். அவர் மிஷினின் தகரத்தில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். என்னை அவர் பார்க்கவில்லை. அவருடைய முகம் யாருக்காகவும் இல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது ஒரு கிழவனின் முகம். வாய் கோணியிருந்தது.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. மாவு வாடைக்கும் மிளகாய் நெடிக்கும் அடியில், ஈரத்துணி அழுகுகிற மாதிரி. கிட்டே போனேன். இடது காது மடலுக்குள், கிளிப் மாட்டுகிற இடத்தில், தோல் வெந்து குழியாகி மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. மேலே மஞ்சள் தூளை அப்பியிருந்தார். அதில் மில் மாவும் படிந்து, களி மாதிரி ஒட்டியிருந்தது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது.

"என்னண்ணே இது?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல தம்பி. அரைமணி நேரம் போடச் சொன்னாங்கள்ல? நான் ரெண்டு மணி நேரம் போடுறேன். அந்தப் புள்ள கஷ்டப்பட்டுப் படிச்சு வந்து செய்யுது. சீக்கிரம் பலன் தெரிஞ்சா சந்தோசப்படும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என்ன பலன்? எனக்கு ஒரு மண்ணும் குறையலை. கொஞ்சங்கூட! உங்களுக்குக் குறைஞ்சிருக்கா? நெசத்தைச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எனக்கும் குறையலை தம்பி" என்றார். "கூடத்தான் செஞ்சிருக்கு. மாடிக்கு ஏறிக் குதிச்சிறலாமான்னு இருக்கு."

நான் நம்பினேன். அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், வரமாட்டார். மாதத்துக்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அன்று கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அவர் சம்சாரம் என்னிடம், "கூடவே போங்க தம்பி. இந்த மனுசன் அங்க போயி நல்லாருக்கும்பாரு. காது அழுகிக் கீழ விழுந்தாலும் கையில எடுத்துக்கிட்டு நல்லாருக்கும்பாரு" என்றது.

இதில் என்னை வதைத்த விஷயம் வேறொன்று. அந்தப் புண் ஓடுகிற பெட்டியால்தான் வந்திருக்க முடியும். என் காதில் ஒரு சிவப்புக்கூட இல்லை. உண்மையான கரண்ட் வந்த பெட்டி அவரிடம் இருந்தது. உள்ளதைச் சொல்கிற வாய் என்னிடம் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் அந்த டாக்டரம்மாவுக்கு ஏதாவது தெரிந்திருக்கும். எழுமலைக்காரருக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மில்காரர் காதில் பஞ்சு அடைத்து, பவுடர் பூசி, வெள்ளை வேட்டியோடு வந்தார். சளி பிடித்திருக்கிறது என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். நானும் அவரோடு அறைக்குள் போனேன். டாக்டரம்மா பஞ்சை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அறை முழுக்க அந்த நாற்றம்.

"ஐயா, என்ன இது? எத்தனை நாளா இருக்கு? ஏன் சொல்லலை?"

"சின்னக் கொப்புளந்தான் தாயி."

டாக்டரம்மா தானே உட்கார்ந்து கழுவி மருந்து வைத்துக் கட்டினார். மில்காரர் வலியில் ஒருமுறைகூட முனகவில்லை. கட்டி முடித்ததும் டாக்டரம்மா, இனி கிளிப் போடக்கூடாது, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார். பிறகு நாற்காலியை இழுத்து அவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன். இத்தனை மாசமா குறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. அது உண்மையா?"

அவர் டாக்டரம்மாவின் கண்ணைப் பார்த்தார். அதில் தண்ணீர் நின்றது. "உண்மைதான் தாயி. நல்லாக் குறைஞ்சிருக்கு."

என்னால் முடியவில்லை. "பொய் டாக்டரம்மா. எங்கிட்ட ஒண்ணுமே குறையலைன்னு சொன்னாரு. மாடியில இருந்து குதிச்சிறலாம் போல இருக்குன்னாரு."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். அவர் என்னைப் பார்த்தார், என் ஆத்திரத்தைப் பார்த்தார். "தம்பி சொல்றதும் சரிதான்" என்றார்.

"ரெண்டும் எப்படிய்யா சரியா இருக்கும்? ரெண்டுல எது?"

கட்டுப்போட்ட தலையைக் கொஞ்சம் சாய்த்து, ரொம்பப் பணிவாகச் சொன்னார். "உங்களுக்கு எது தோதோ அதை எழுதிக்கங்க தாயி."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். திட்டவில்லை. அப்புறம் என்னிடம், "புண்ணுக்கு மருந்து எழுதித் தர்றேன், தினமும் கட்டு மாத்தணும். இவரை மனநல டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டணும், வீட்டுல சொல்லிடுங்க" என்றார். குரல் வறண்டிருந்தது. மில்காரர் சொன்ன எதையும் இனி ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நர்ஸம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

வெளியே பெஞ்சில் எழுமலைக்காரர். காதில் மிஷின் இல்லை. மில்காரர் தலையில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்னாச்சுண்ணே? அந்தக் கரண்ட் பெட்டியால ஆனதா?" என்று சத்தமாகக் கேட்டார். முகம் கலங்கியிருந்தது.

நான் மில்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நடந்தபிறகு, அறை வாசலைக்கூடத் தாண்டாமல், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று நின்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா, பூச்சிக்கடி" என்றார். "காதுக்கு நல்லாயிருச்சு. தைரியமாச் சேருங்க."

எழுமலைக்காரர் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார்.

நான் அவரைத் தனியே இழுத்துப்போய், காதோரம் கத்தினேன். "அவரு சொல்றதை நம்பாதீங்க. காது வெந்து சீழ் பிடிச்சிருக்கு. குறைஞ்சுதா இல்லையான்னு அவருக்கே தெரியாது. நீங்க அந்தக் காது மிஷினை எடுத்து மாட்டுங்க மொதல்ல."

எழுமலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டை தூக்கிய அழுக்குச் சட்டை, சவரம் செய்யாத முகம். "உனக்குக் குறையலைங்கிற வயித்தெரிச்சலு மாப்ள. அந்தப் பெரியமனுசன் மூஞ்சியைப் பாரு. அவரு பொய் சொல்வாரா?" என்று கையை உதறிக்கொண்டு போய், மறுபடி மில்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிம்மக்கல் பஸ்ஸில் நானும் மில்காரரும் ஒரே சீட்டில் வந்தோம். அவருக்கு ஜன்னலோரம். கட்டுக்குக் கீழே மருந்து மஞ்சளாக வழிந்து காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. வைகைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்று, டிரைவர் என்ஜினை அணைத்தார். திடீரென்று எல்லாம் அடங்கியது. எனக்கு விசில் கிளம்பிவிட்டது. அவருக்கும் ஏதாவது கிளம்பியிருக்கும், அல்லது கிளம்பாமலும் இருந்திருக்கும்.

அப்போது ஒன்று உறைத்தது. மில்லில் கரண்ட் போன அன்று, எனக்குக் குறையவில்லை என்று நான் கத்திய பிறகுதான் அவர் தனக்கும் குறையவில்லை என்றார். எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் சொன்னதே நிஜமாகவும் இருக்கலாம். அந்தக் கரண்ட் உண்மையிலேயே ஒரு மனிதனின் இரைச்சலைக் குறைத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது இந்த மண்டைக்குள் இருந்தது.

"அண்ணே" என்றேன். முடிந்தவரை குரலில் ஒன்றும் இல்லாமல் கேட்டேன். "நான் சந்தோசப்படவும் போறதில்லை, கோவப்படவும் போறதில்லை. இந்த நிமிசம் உங்க காதுல சத்தம் இருக்கா, இல்லையா?"

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கண்ணை, வாயை, மறுபடி கண்ணைப் பார்த்தார். நான் என் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் தேடிக்கொண்டே இருந்தார். ஒன்றும் கிடைக்காமல் முதல்முறையாக அவருக்குப் பயம் வந்துவிட்டது. நெற்றி வியர்த்தது.

"நீ என்ன நினைக்கிற தம்பி?" என்றார்.

நான் எழுந்து, பாலத்திலேயே இறங்கி நடந்தேன்.